நிகால் சிங்குக்காக வளர்த்த சேவல்

கிள்ளானிலிருந்து வரும் காலை ரயிலின் கார்டு எங்கள் எஞ்சின் ஷெட்டுக்குச் செய்தி கொண்டு வருவது புதிதல்ல. போன வாரம் அவர் கொண்டு வந்தது இது: "உன் வங்காளி சொல்லச் சொன்னாருப்பா. ஞாயித்துக்கிழமை வர்றாராம். சேவலத் தயாரா வைக்கணுமாம். வேற யாரும் கை வைக்கக் கூடாதாம்." சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

சனிக்கிழமை காலை அதே கார்டு கொடியைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு என்னைத் தேடி வந்தார். சிரிக்கவில்லை.

"நிகால் சிங் போயிட்டாரு, மாணிக்கம். மூணு நாள் காய்ச்சலாம். நேத்து சாயங்காலமே எரிச்சிட்டாங்க."

கொதிகலனின் வாய் வழியாகப் பாதி உடம்பை வெளியே நீட்டி இதைக் கேட்டேன். மறுபடி உள்ளே போய்விட்டேன். வெளியே நின்ற புது ஆள் சம்மட்டியால் இரண்டு தட்டுத் தட்டினான். 'தயாரா?' என்று அர்த்தம். நான் திருப்பித் தட்டவில்லை.

ஷெட்டில் அவரோடு வேலை செய்தவர்களும், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் லயத்து வரிசை வீடுகளில் அவரைச் சைக்கிளோடு பார்த்தவர்களும் இதைப் படிப்பீர்கள். உங்களுக்கு அவருடைய தாடியை நான் வர்ணிக்க வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்கு மட்டும் இரண்டு வார்த்தை. அவர் பஞ்சாபிலிருந்து வந்த சீக்கியர். வங்காளத்தை அவர் கண்ணால் கண்டதில்லை. இந்த நாட்டில் தலைப்பாகையும் தாடியும் உள்ளவன் வங்காளி, அவன் கும்பிடும் இடம் வங்காளி கோயில்; அவ்வளவுதான் நம் அறிவு. அவர் யாரையும் திருத்தியதில்லை. "இந்த ஊர்க்காரன் உன்னைக் கூலின்னு கூப்பிடறான், என்னை வங்காளின்னு கூப்பிடறான். ரெண்டு பேருக்கும் பேரு இருக்குன்னு அவனுக்குத் தெரியாது லா" என்பார்.

தமிழை அவர் எங்கள் லயத்து ஆட்களிடமிருந்துதான் கற்றுக்கொண்டார். அதனால் அவர் தமிழில் வால்போல மலாய் 'லா' உண்டு, 'நீங்கள்' கிடையாது. என்னையும் நீ, கங்காணியையும் நீ, ஷெட்டின் கணக்கு வழக்கு எழுதுகிற தலைமைக் கிராணியாரையும் நீ. அந்தக் கிராணியாரை, அவர் மனைவி உட்பட யாரும் நீ என்று சொல்லியிருக்க மாட்டார்கள். நிகால் சிங் அவர் மேசை முன்னால் ஆறடி உயரத்தில் நின்று, "நீ நேத்து லீவு எழுதினியா?" என்று கேட்கும்போது எனக்கு இருந்த சந்தோஷத்துக்கு அளவில்லை.

எங்கள் வேலை இப்படி. எஞ்சின் கொதிகலனில் ஆணி அறைய இரண்டு பேர் வேண்டும். ஒருவன் வெளியே நின்று சம்மட்டி அடிப்பான். இன்னொருவன் உள்ளே நுழைந்து, ஆணியின் தலைக்கு இரும்புக் கட்டையால் முட்டுக் கொடுப்பான். நான் ஒல்லி, அதனால் உள்ளே. அவர் வெளியே. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. அவர் இரண்டு தட்டுத் தட்டுவார். நான் இரண்டு தட்டுத் தட்டுவேன். பிறகு அடி விழும். நான்கு வருஷம் ஒரே ஆணியின் இரண்டு பக்கத்தில் இருந்தோம். என் பதில் வராமல் ஒரு தடவைகூட அவர் சம்மட்டியை ஓங்கியதில்லை.

பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியதும் ஷெட்டில் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். யாரும் சட்டம் எழுதி ஒட்டவில்லை. கால்கள் தாமாகவே பிரியும். கிராணிகள் வராந்தாவுக்கு. ஊரில் தங்களுக்குத் தெரு இருந்தவர்கள் மழைமரத்து அடிக்கு. ஊருக்கு வெளியே சேரியில் பிறந்த எங்களைப் போன்றவர்கள் சாம்பல் குவியலுக்குப் பின்னால். கப்பலில் ஒரே தளத்தில் ஒன்றாக வாந்தி எடுத்துக்கொண்டு வந்தவர்கள்தான் எல்லோரும். கரை இறங்கியதும் மரத்தடி யாருக்கு, சாம்பல் யாருக்கு என்பது மட்டும் மறக்காமல் நினைவு வந்துவிட்டது. நிகால் சிங் தம் ரொட்டி மூட்டையைத் தூக்கிக்கொண்டு சாம்பல் குவியலுக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அது புரட்சி என்று அவருக்குத் தெரியாது. கூட வேலை செய்கிறவன் எங்கே உட்கார்கிறானோ அங்கே உட்கார்ந்தார்.

ரொட்டி, பருப்பு, பச்சை வெங்காயம். தினமும் அதுதான். இதில்தான் பிரிக்பீல்ட்ஸ் முழுவதும் ஒரு தப்புக் கணக்குப் போட்டது. அவர் கோயிலில் யார் போனாலும் உட்காரவைத்து ரொட்டியும் பருப்பும் போடுவார்கள். அங்கே கறி சமைப்பதில்லை. ஒரு முறை கங்காணி வீட்டுக் கல்யாணத்தில் ஆட்டுக்கறி பரிமாறியபோது, நிகால் சிங் இலையை மூடி, "எனக்கு ஆகாது" என்று எழுந்துவிட்டார். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்து, சீக்கியர்கள் சுத்த சைவம் என்று நம்மவர்கள் முடிவு கட்டினார்கள். கிராணியாருக்கு இது கைக்குக் கிடைத்த தடி.

"பாருங்கடா அந்த மனுஷன. ஆறடி உடம்பு. மாமிசம் தொடுறதில்ல. நீங்க கண்டதையும் தின்னுப்புட்டு, கோயிலுக்குள்ள விடலையேன்னு கேக்குறீங்க."

வாரத்துக்கு இரண்டு தடவையாவது இதைக் கேட்போம். கிராணியார் சுட்டிக்காட்டும்போது, தம் புஜத்தைப் புகழ்கிறார் என்று நினைத்து நிகால் சிங் தலையசைப்பார். நான் பல்லைக் கடித்துக்கொள்வேன். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிற ஆள்தான், ஆனால் அவரைக் கொண்டே எங்களை அடிக்கிறார்கள்.

அந்த வருஷம் தீபாவளிக்கு மறுநாள் என் தாய் ஆட்டுக்கறி சமைத்து, ஒரு தூக்கு எனக்கும் ஒரு தூக்கு அவருக்கும் கொடுத்தனுப்பினாள். டெங்கில் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய கை அது. மிளகாய் அரைத்தால் நாலு வீட்டுக்குத் தும்மல் வரும். நிகால் சிங் மூடியைத் திறந்தார். முகர்ந்தார். கண்ணை மூடினார். பிறகு கேட்டார்:

"இது பாசார்ல, சந்தைக் கடையில வாங்கினதா?"

"ஆமாண்ணே. பின்ன, வானத்துலேருந்தா விழும்?"

மூடியை மூடி என் பக்கம் தள்ளினார். "எனக்கு ஆகாது லா."

என் காதில் விழுந்தது அந்த வார்த்தை இல்லை. ஊரில் என் அப்பன் கேட்டது, டெங்கில் தோட்டத்தில் என் தாய் கேட்டது, எல்லாம் சேர்ந்து விழுந்தது. "நீயும் அவங்க ஆளுதானா? எங்க சட்டிச் சோறு உனக்குத் தீட்டா?" என்று கத்தினேன். அன்றுதான் முதல் தடவையாக அவரை 'நீ' என்றேன். அவர் தமிழில் அதற்கு வித்தியாசம் இல்லை. அதனால் அந்த அடி அவர் மேல் படவே இல்லை. தீட்டு என்ற வார்த்தை மட்டும் பட்டது. அது என்னவென்று மரத்தடியில் இருந்தவர்களிடம் போய்க் கேட்டாராம்.

அவருடைய தூக்கு நிறைந்தபடியே வீட்டுக்குத் திரும்பியதை என் தாய் பார்த்தாள். கறியைப் பின்னால் வாய்க்காலில் கொட்டினாள். கழுவி முடித்த பிறகுதான் வாய் திறந்தாள்.

"அவரு கோயில்ல எல்லாரும் ஒண்ணா உக்காந்து திங்கலாமின்னு சொன்னியேடா. நம்ம சட்டிக்கு மட்டும் என்ன வந்துச்சு?"

மூன்று வாரம் நாங்கள் பேசவில்லை. பேசியது சம்மட்டி மட்டும். இரண்டு தட்டு, இரண்டு தட்டு, அடி. மத்தியானத்தில் அவர் சாம்பல் குவியலுக்கு வந்தால் நான் எழுந்து வேறு பக்கம் போவேன். மரத்தடிக்கு என்னால் போக முடியாது. அதனால் வெயிலில் போய் நின்று தின்றேன். என் கோபம் அப்படிப்பட்ட கோபம்.

நாலாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் லயத்துக்குள் ஒரு சைக்கிள் வந்தது. கைப்பிடியில் தலைகீழாகக் கட்டிய சேவல் ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தது. தலைப்பாகை புதிது. கடைசி வீட்டு அஞ்சலைக்குச் சும்மா இருக்க முடியவில்லை.

"அடியேய், வெளிய வாங்கடி! வங்காளி மாப்பிள்ள பொண்ணு பாக்க வந்துட்டாரு, சீர்வரிசையோட!"

"பொண்ணு யாரு, நீயாக்கா?"

"நான் என்னத்துக்கு ஆகாதவளா? தாடிதான் குத்தும்."

அவர் எதையும் காதில் வாங்கவில்லை. எங்கள் வீட்டு வாசலில் சைக்கிளைச் சாத்தினார். என்னைப் பார்க்கவில்லை. என் தாயைப் பார்த்துத்தான் பேசினார்.

"அம்மா, உன் மவன் பெரிய முட்டாள். நானும் முட்டாள். தீட்டுன்னா என்னன்னு நேத்துதான் எனக்கு முழுசா சொன்னாங்க. பாசார் கறி எனக்கு ஆகாது. அங்க பாய் கடைக்காரங்க மெதுவா, மந்திரம் சொல்லி அறுப்பாங்க. அவங்க சாமிக்கு அது சரி. சண்டை இல்ல. எங்க குரு பேச்சு வேற. ஒரே வெட்டு. மிருகம் தெரிஞ்சுக்கறதுக்கு முன்னாடி முடிஞ்சிடணும். அப்படி வெட்டினா சாப்பிடுவேன். ஆகாதது கறி. உன் கை இல்ல. உன் கை சமைச்சது வேணும்னுதான் இதத் தூக்கிட்டு வந்தேன்."

லயத்துக்குப் பின்னால் வாய்க்கால் ஓரமாகக் கொண்டு போனார். கையிலிருந்த இரும்பு வளையத்தை முழங்கைப் பக்கம் தள்ளிவிட்டார். ஒரே வெட்டு. என் தாய் இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க ஊர்ல முனியாண்டிக்கு இப்படித்தான் வெட்டுவாங்க. ரெண்டாவது வெட்டு விழுந்தா சாமி ஏத்துக்காது. இத மொதல்லயே சொல்றதுக்கு என்ன தம்பி? அந்தக் கறிய வாய்க்கால்லயில்ல கொட்டினேன்!"

மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர் வழிய, "இன்னும் கொஞ்சம், அம்மா" என்று தட்டை நீட்டினார். அவர் பெண்டாட்டி பஞ்சாபில் இருந்தாள். பார்த்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. உட்காரவைத்து ஒருத்தி பரிமாறி அவர் சாப்பிட்டது அந்த ஆறு வருஷத்தில் அன்றுதான் என்று பிறகு தெரிந்தது.

மாதத்துக்கு ஒரு ஞாயிறு, அம்பாங்கில் மாடு வளர்க்கிற சீக்கியர் ஒருவர் வீட்டில் அவர்கள் ஏழெட்டுப் பேர் கூடி ஒரு ஆட்டை வெட்டிச் சமைப்பார்களாம். மற்ற நாளெல்லாம் பருப்புதான். எல்லா சீக்கியரும் அப்படியா என்று கேட்டேன். இல்லை என்றார். அறவே தொடாதவர்களும் உண்டு. தங்கள் வேதத்தின் அடிகளை எடுத்துக்கொண்டே இரண்டு பக்கமும் மணிக்கணக்கில் வாதாடுவார்கள் என்றார். "சண்டை போட்டு முடிச்சதும் எல்லாரும் பசியோட எழுந்து ஒரே வரிசையில உக்காந்து பருப்பு சாப்பிடுவாங்க" என்று சிரித்தார்.

அப்போதுதான் கிராணியார் அவரைக் காட்டி எங்களிடம் என்ன சொல்லிக்கொண்டிருந்தார் என்பதைச் சொன்னேன். அவர் சிரிப்பு நின்றது. கையைக் கழுவப் போனவர் அப்படியே நின்றார்.

"என்னைய வச்சா உன்னைய அடிச்சாங்க? நாலு வருஷமா? நான் தலைய ஆட்டிக்கிட்டு நின்னேனா?"

அடுத்த மாதமே ஒரு கூட்டம் போட்டார்கள். கிராணியார் உள்ளிட்ட தமிழ்க் கோயில் கமிட்டியார் எங்களுக்குக் கருணை காட்ட முன்வந்தார்கள். புலால் உண்பதில்லை என்று ஒரு காகிதத்தில் கைநாட்டு வைக்கிற லயத்தார், திருவிழா நாளில் வெளிமதிலுக்கு உள்ளே வந்து நிற்கலாம். அதுவரை நாங்கள் சாக்கடைக்கு அந்தப் பக்கம் வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்கள். என் தாய் கைநாட்டு வைக்கத் தயாராக இருந்தாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. "ஒரே ஒரு தடவ உள்ள நின்னு பாத்துட்டு வந்துடறேன்டா. கோழி திங்காட்டி செத்தா போயிடுவோம்?" என்றாள். கூட்டத்தில் எங்களுக்கு முன்மாதிரியாக நிறுத்திப் பேசவைக்க, கிராணியார் அழைத்த ஆள் நிகால் சிங்.

"மேடையில சொல்லிடுங்கண்ணே. திங்கறேன்னு சொல்லிடுங்க" என்றேன்.

அவர் உடனே சரி என்று சொல்லவில்லை. இதைத்தான் நான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டும். அவர் தயங்கினார், தயங்கக் காரணம் இருந்தது. ஞாயிறுதோறும் அவர் கோயிலில் ரொட்டிக்கு மாவு பிசைகிறவர் அவர். பித்தளைத் தாம்பாளத்தில் மலைபோல மாவு. வளையத்தை முழங்கைக்குத் தள்ளிவிட்டு, முட்டி போட்டுக்கொண்டு, முன்னும் பின்னும் ஆடி ஆடிப் பிசைவார். ஒரு தடவை போய்ப் பார்த்திருக்கிறேன். ஷெட்டில் ஆறு நாள் இரும்பை அடித்த அந்தக் கைகள் அங்கே குழந்தையைத் தேய்த்துக் குளிப்பாட்டுவது போல் இருந்தன. இந்த நாட்டில் அவருக்கென்று இருந்தது அது ஒன்றுதான். அந்தச் சமயத்தில் பஞ்சாபிலிருந்து ஒரு பிரசங்கி வந்து, மாமிசம் தின்பது பாவம், தின்பவன் கை குருவின் மாவில் படக்கூடாது என்று பேசிக்கொண்டிருந்தார். வீட்டில் தின்கிற பல பேர் வாயை மூடிக்கொண்டார்கள். நிகால் சிங்கும் மூடிக்கொண்டிருக்கலாம்.

"அங்க சொன்னா இங்க தெரியும். தெரிஞ்சா மாவு போயிடும், மாணிக்" என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உங்களுக்கு மாவு பெரிசா, நாங்க பெரிசா?" என்றேன். இப்படித்தான் கேட்டேன். எங்களுக்கு நூறு தலைமுறையாக எல்லாக் கதவும் சாத்தியிருக்கிறது; இவருக்கு ஒரு தாம்பாளம் போனால் என்ன என்று நினைத்தேன். நான் கேட்டது தப்பு என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். கேட்ட விதத்தை நினைத்தால் மட்டும் தூக்கம் வருவதில்லை.

கூட்டத்தன்று கிராணியார் அவருக்கு மாலை போட்டார். நிகால் சிங் மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பேசினார். நீளமான பேச்சு இல்லை.

"நான் ஆடு சாப்பிடுவேன், கோழி சாப்பிடுவேன். போன மாசம் இந்த மாணிக் வீட்டுல சாப்பிட்டேன். நல்லா இருந்துச்சு. எங்க கோயில்ல சமைக்க மாட்டோம், அது நெசம். ஏன் சமைக்க மாட்டோம்? சாப்பிடாதவன் ஒருத்தன் வந்தா, அவன் எழுந்து போகக் கூடாது. அதுக்குத்தான். எல்லாரும் உக்காரணும்னு நாங்க கறிய வெளிய வச்சோம். நீ கறியச் சொல்லி ஆள வெளிய வைக்கறே. ரெண்டும் பருப்புதான். ஆனா ஒண்ணு இல்ல."

கடைசி 'நீ' கிராணியாருக்கு. பிறகு பின்னாலிருந்து என் தாயின் குரல் கேட்டது. அவள் வாய் திறப்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"சாமி, நான் கைநாட்டு வைக்கிறேன். வச்சா உங்க பக்கத்துல உக்காந்து சாப்பிடலாமா?"

கிராணியார் காகிதங்களை அடுக்கினார். அடுக்கியதையே மறுபடி அடுக்கினார். என் தாய் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு முந்தானையைச் செருகிக்கொண்டு வெளியே நடந்தாள். சிலர் கைநாட்டு வைத்தார்கள், அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அவர்கள் அந்த வருஷம் மதிலுக்கு உள்ளே, செருப்பு விடுகிற இடத்தில் நின்றார்கள்.

நிகால் சிங் பயந்தது நடந்தது. அவர் கோயிலில் சபை முன்னால் நிறுத்திக் கேட்டார்கள். மாமிசத்தை விட்டுவிட்டேன், அது பாவம் என்று சொல், மாவைத் தொடலாம் என்றார்கள். அவர் சொன்னதைத் திங்கட்கிழமை சாம்பல் குவியல் பக்கத்தில் என்னிடம் திருப்பிச் சொன்னார்.

"விடச் சொன்னா விடறேன்னு சொன்னேன். மாசத்துல ஒரு நாள் சாப்பிடறது, அது இல்லாட்டி நான் சாக மாட்டேன். ஆனா பாவம்னு சொல்லச் சொல்றாங்க. அது பொய் லா. மாவுக்காக உங்கம்மாவப் பாவின்னு சொல்லவா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் வெங்காயத்தைக் கடித்தார்.

அதற்குப் பிறகும் அவர் ஒரு ஞாயிறுகூடத் தவறவில்லை. வருகிறவர்களின் செருப்புகளைத் துடைத்து அடுக்கினார், பாத்திரம் கழுவினார். கழுவுகிற இடத்திலிருந்து பார்த்தால் தாம்பாளம் தெரியும். "புது ஆளு தண்ணி ஜாஸ்தி ஊத்தறான். ரொட்டி தோல் மாதிரி வருது" என்று வாரம் தவறாமல் சொல்வார். சொல்லும்போது அவருடைய விரல்கள் மடங்கி மடங்கி விரியும். அது அவருக்குத் தெரியாது. ஒரு தடவை ஷெட்டில் களிமண் குழைத்துக்கொண்டிருந்தார், அடுப்பின் விரிசலுக்குப் பூச. இரண்டு கையாலும், உடம்பை முன்னும் பின்னும் ஆட்டி, வேண்டியதற்கு மேல் வெகுநேரம் குழைத்தார். நான் பார்ப்பதைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்.

என் தாய்க்கு இதைச் சொன்னேன். அவள் ஒரு சேவல் குஞ்சைப் பிடித்துக் காலில் சிவப்பு நூல் கட்டினாள். "இத வளக்குறேன். அவரு கை மறுபடி மாவுல படற அன்னிக்கு வரட்டும். அவரே வெட்டட்டும். அதுவரைக்கும் இத யாரும் தொடக் கூடாது" என்றாள். நிகால் சிங்கிடம் சொன்னபோது, "நல்லாத் தீனி போடச் சொல்லு. சின்னதா இருந்தா எனக்குப் பத்தாது" என்றார்.

சில மாதத்தில் அவரைக் கிள்ளானுக்கு மாற்றினார்கள். கிள்ளான் ஒன்றும் தூரதேசம் இல்லை, நான் போயிருக்கலாம். போகவில்லை. அவருக்கு மாவைத் திருப்பிக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. அதனால் வெறுங்கையோடு போய் நிற்க மனம் வரவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. வெளியே வேறு ஆள் தட்டினான். அவன் என் பதிலுக்குக் காத்திருப்பதில்லை. குஞ்சு பெரிய சேவலாகி, லயம் முழுவதும் அதிகாரம் பண்ணியது. அப்புறம்தான் கார்டு அந்தச் செய்தியைக் கொண்டு வந்தார்: ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், சேவலைத் தயாராக வை. என்ன நடந்திருக்கும் என்று எனக்கும் என் தாய்க்கும் உடனே புரிந்துவிட்டது. அவள் அன்றைக்கே மிளகாய் காயப்போட்டாள்.

அவர் வர வேண்டிய ஞாயிற்றுக்கிழமை நான் கிள்ளானுக்குப் போனேன். வண்டிக்காரர்களும் காவல்காரர்களும் சேர்ந்து கட்டிய சிறிய கோயில் அது, தகரக் கூரை. தலையில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு உள்ளே போனேன். யார், எந்த ஊர், என்ன ஜாதி என்று யாரும் கேட்கவில்லை. வேதம் படித்து முடித்ததும் வரிசையில் உட்காரச் சொன்னார்கள். அடுப்பங்கரையைப் பார்த்துக்கொள்கிற ஒரு கிழவி எனக்கு ரொட்டி போட்டாள். நான் நிகால் சிங்கின் கூட்டாளி என்றதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். மலாயும் அரைகுறைத் தமிழுமாகச் சொன்னாள்.

"எத்தனையோ மாசம் செருப்பு மட்டும் தொடச்சான். பெரிய கை, சும்மா இருக்கு. மாவு பிசைவியான்னு கேட்டேன். பெரிய கதையா ஆரம்பிச்சான். ஆடு, கோழி, கோலாலம்பூர், பிரசங்கி, பாவம், எவனோ மாணிக், அவங்கம்மா. எனக்கு உலை கொதிக்குது. கையக் கழுவினியான்னு மட்டும் கேட்டேன். கழுவினேன்னான். அப்ப பிசைன்னேன்."

"எத்தனை நாள் பிசைஞ்சாரு, பாட்டி?"

"மூணு ஞாயிறு." மூன்று விரலைக் காட்டினாள். "அழுதுக்கிட்டே பிசைஞ்சான், மொத நாளு. உப்பு போட வேண்டாம்னேன்."

சொல்லிவிட்டு அவளே சிரித்து, அவளே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர் பெண்டாட்டிக்கு அங்கே வேதம் படிக்கிற பெரியவர் கடிதம் எழுதியிருக்கிறாராம். அதில் காய்ச்சல் இருக்கும், தேதி இருக்கும். மூன்று ஞாயிறு இருக்குமா என்று தெரியாது. இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு வந்தேன்.

மூன்று ஞாயிறு. நான் கேட்ட ஒரு கேள்விக்கு அவர் கொடுத்தது ஒரு வருஷத்துக்கு மேல்; திரும்பிக் கிடைத்தது மூன்று ஞாயிறு. அவர் மேடையில் பேசியதால் கோயில் கதவு திறந்ததா என்று கேட்பவர்கள் உண்டு. திறக்கவில்லை. கிராணியார் அதே மேசையில் இருக்கிறார். இப்போது அவரை யாரும் நீ என்று சொல்வதில்லை. மழைமரமும் சாம்பல் குவியலும் இருந்த இடத்தில் இருக்கின்றன. ஆனால் எங்கள் லயத்தில் இன்று யாரும் தாங்கள் தின்பதை நினைத்துத் தலை குனிவதில்லை. அது சிறிய விஷயம் என்று சொல்கிறவன் ஒரு தடவையாவது வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கட்டும்.

அவர் பொருள் என்று எனக்கு எதுவும் வரவில்லை. வளையம் அவரோடு போய்விட்டது. மிஞ்சியது இரண்டு. ஒன்று, ஆணி அடிக்கும் முன் பதிலுக்குக் காத்திருக்கிற பழக்கம். புது ஆளுக்கு அதைக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன். இன்னொன்று, காலில் சிவப்பு நூல் கட்டிய அந்தச் சேவல். முனியாண்டி பூசைக்கு விலைக்குக் கேட்டு வந்தார்கள். என் தாய் கொடுக்கவில்லை. நானே வெட்டட்டுமா என்று கேட்டேன். "ஒனக்கு ஒரே வெட்டு வராது. விடு" என்று சொல்லிவிட்டுத் தவிட்டைப் பிசையப் போய்விட்டாள். அது நன்றாக முற்றிவிட்டது. அவர் வந்திருந்தால்கூட, எத்தனை நாழிகை அடுப்பில் கிடந்தாலும் அது வெந்திருக்காது. அப்படியும் அவர் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டிருப்பார்.